வாசகர் கேள்வி – பதில்: தீய பாலடினும் வஞ்சினமும்

சென்ற இதழில், மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பாலடின் வகுப்பை, அதாவது புனித வீரன் என்னும் பாத்திர வகையைப் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தீய பாலடினைப் பற்றியும், அவன் ஏற்கும் வஞ்சின உறுதிமொழியைப் பற்றியும் கேட்டிருந்தன. ஒரே பொருளைச் சுற்றி அமைந்த அக்கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர் தீய பாலடினாக ஆட விரும்புகிறார். பாலடின் என்றால் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும், விதி அதற்கு இடம் தராது என்று டிஎம் (ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) மறுத்துவிட்டார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், சென்னை

நீங்கள் எந்தப் பதிப்பை வைத்து ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய பதிப்பு என்றால் உங்கள் டிஎம் சொல்வதில் மாற்றமே இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் விதிநூல்களில் பாலடின் கிடையாது; 1975இல் வந்த கிரேஹாக் துணைநூலில்தான் அவன் முதன்முதலில் தோன்றினான். 1978இல் வெளியான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்னும் விதிநூல் அவனுக்கு விதித்த நிபந்தனைகள் மிகக் கடுமையானவை. அவன் மனிதனாக இருக்க வேண்டும், கரிஸ்மா என்னும் ஆளுமைக் கவர்ச்சி மதிப்பு 17க்குக் குறையக் கூடாது, அலைன்மென்ட் என்னும் அறநிலைப்பாடு லாஃபுல் குட் (ஒழுங்கும் நன்மையும் சார்ந்தது) தவிர வேறாக இருக்கக் கூடாது. ஒழுங்கை மீறும் செயலை அறிந்தே செய்துவிட்டால் உயர்நிலைக் குருவிடம் சென்று அதை ஒப்புக்கொண்டு பரிகாரம் தேடலாம். ஆனால் தீய செயலை அறிந்தும் விரும்பியும் செய்துவிட்டால் பாலடின் என்னும் தகுதியே போய்விடும், பிறகு எந்தப் பரிகாரத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்துவிட்டது என்றாலும் லாஃபுல் குட் நிபந்தனையை மட்டும் கைவிடவில்லை.

தீய பாலடின் என்ற எண்ணமும் ஏறக்குறைய அதே அளவு பழையதுதான். 1980இலேயே டிராகன் இதழ் ஆன்டி-பாலடினை அறிமுகப்படுத்தியது. மூன்றாம் பதிப்பில் பிளாக்கார்டு என்ற வகுப்பு வந்தது. வீழ்ந்த பாலடின் ஒருவன் அதற்கு மாறினால் கூடுதல் வலிமைகள் கிடைத்தன. 2004இல் கொடுங்கோன்மைக்கும் கொலைக்கும் தனித்தனிப் பாலடின் வகைகளை விருப்ப விதிகளாகத் தந்தார்கள். 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோதுதான் அடித்தளமே மாறியது. அதில் பாலடினின் வலிமை அவனுடைய அலைன்மென்டிலிருந்து வருவதில்லை, அவன் ஏற்கும் உறுதிமொழியிலிருந்து வருகிறது. தீய அலைன்மென்ட் உடைய பாலடின்கள் அரிது என்று அந்நூல் சொல்கிறதே தவிர, எங்கும் தடை விதிக்கவில்லை.

ஆகவே, ஐந்தாம் பதிப்பில் ஆடுகிறீர்கள் என்றால் விதி உங்கள் நண்பரின் பக்கம் இருக்கிறது. அதற்காக டிஎம் கட்டாயம் அனுமதித்தே ஆக வேண்டும் என்பதில்லை; தம் மேசையில் எப்படிப்பட்ட கதை நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் “இது எனக்கு விருப்பமில்லை” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “விதி இடம் தராது” என்று சொல்வது நேர்மையாகாது. விருப்பமில்லை என்று சொன்னால் பேசித் தீர்க்கலாம். விதியின் பெயரைச் சொல்லிவிட்டால் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

என் பாலடின் ஓத் ஆஃப் வெஞ்சன்ஸ் என்னும் வஞ்சின உறுதிமொழியை ஏற்றவன். கொள்ளையர் தலைவன் ஒருவனை ஒழிப்பதாகச் சபதம் செய்திருக்கிறான். அவன் ஓர் ஊரின் தானியக் களஞ்சியத்தில் ஒளிந்துகொண்டபோது, வெளியே வரவழைப்பதற்காகக் களஞ்சியத்துக்குத் தீ வைத்தேன். தலைவன் இறந்தான், ஊராரின் ஓராண்டு உணவும் எரிந்தது. உறுதிமொழியை முறித்துவிட்டாய் என்கிறார் டிஎம். எந்த வழியிலும் பகைவரை அழிக்கலாம் என்பதே உறுதிமொழியில் இருக்கும்போது அது எப்படி முறியும்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். உங்கள் செயல் தீயது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் டிஎம் தீர்மானிக்க வேண்டியது அதுவல்ல. உறுதிமொழி முறிந்ததா என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் பல மேசைகளில் சண்டை வருகிறது.

2014ஆம் ஆண்டு நூலில் இந்த உறுதிமொழிக்கு நான்கு கட்டளைகள் உள்ளன. பெரிய தீமையும் சிறிய தீமையும் ஒன்றாக எதிர்ப்பட்டால் பெரியதை எதிர்த்துப் போரிட வேண்டும் என்பது முதலாவது. சாதாரண எதிரிக்கு இரக்கம் காட்டலாம், சபதம் செய்த பகைவனுக்குக் காட்டலாகாது என்பது இரண்டாவது. என் மனத் தயக்கங்கள் பகைவனை ஒழிப்பதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது மூன்றாவது. நீங்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான். பகைவர் உலகில் அழிவை விளைவித்தால் அது நான் அவர்களைத் தடுக்கத் தவறியதன் விளைவு, எனவே அவர்களுடைய கொடுஞ்செயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நான் உதவியாக வேண்டும் என்பது நான்காவது.

பெரும்பாலான ஆட்டக்காரர்கள் மூன்றாவது கட்டளையோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் உறுதிமொழியின் முழுப் பாரமும் நான்காவதில்தான் இருக்கிறது. உங்கள் களஞ்சியத்தையே எடுத்துக்கொள்வோம். தீ வைத்தவன் பாலடின். அந்த நெருப்புக்கு யார் பொறுப்பு என்று அவனைக் கேட்டால் இரண்டு விடைகளில் ஒன்றைத்தான் அவனால் சொல்ல முடியும். கொள்ளையன் அங்கே ஒளிந்திராவிட்டால் தீயே வைத்திருக்க மாட்டேன், ஆகவே பழி அவனைச் சேரும் என்று சொல்லலாம். அப்படியானால் களஞ்சியம் எரிந்ததும் பகைவன் விளைவித்த அழிவுக் கணக்கில் வந்துவிடுகிறது. நான்காவது கட்டளைப்படி அந்த ஊர் மக்களின் பசிக்கு அவனே பதில் சொல்ல வேண்டும். மாறாக, தீ என் செயல், பகைவனுக்கு அதில் பங்கில்லை என்று சொன்னால், குற்றமற்றவர்களின் உணவை அழித்த கொடியவன் தானே என்று அவன் ஒப்புக்கொண்டதாகிறது. கொடியவருக்கு இரக்கமில்லை என்று சபதம் செய்தவன் அதன் பிறகு தன்னை என்ன செய்துகொள்வான்? இவ்விரண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஊரை விட்டு அவனால் கைவீசிக்கொண்டு போக முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. களஞ்சியத்துக்குத் தீ வைத்த அந்த நொடியில் உறுதிமொழி முறியவில்லை. தீ அணைந்த பிறகு அவன் என்ன செய்தான் என்பதை வைத்துத்தான் முறிந்ததா இல்லையா என்று சொல்ல முடியும். தலைவனின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு குதிரை ஏறியிருந்தால் டிஎம் சொல்வதே சரி. கொள்ளையரின் பதுங்கிடத்தைத் தேடிப் போய் அங்கிருந்த பொருளையெல்லாம் ஊர் நடுவில் கொண்டுவந்து கொட்டி, அடுத்த அறுவடை வரை தானியம் வாங்க இது போதுமா என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டிருந்தால் உறுதிமொழி நிற்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற அவசியம் கூட இல்லை. களஞ்சியக்காரி அவன் முகத்தில் காறி உமிழ்ந்தாலும் சலனமில்லாமல் துடைத்துக்கொண்டு, கணக்குப் பார்த்து, ஒரு காசும் குறையாமல் எண்ணி வைத்துவிட்டு, தேவைப்பட்டால் நாளையும் இதையே செய்வேன் என்று அவன் சொல்லிச் செல்லலாம். அவன் தீயவன்தான், ஆனால் பாலடின். அப்படியொரு பாத்திரத்தை ஆடக் கிடைப்பது பெரிய வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

2024இல் திருத்தி வெளியிட்ட பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இந்த உறுதிமொழியின் கட்டளைகள் மூன்றாகக் குறைந்துவிட்டன: கொடியவருக்கு இரக்கம் காட்டாதே, அநீதியையும் அதன் காரணங்களையும் எதிர்த்துப் போரிடு, அநீதியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவு. நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டளை அதில் இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவது அப்படியே இருக்கிறது.

வஞ்சினப் பாலடினின் தனித்திறன்களில் தீய பாத்திரத்துக்குப் பொருந்துவது எது?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

மூன்றாம் லெவலில் கிடைக்கும் வாவ் ஆஃப் என்மிட்டி. ஒரே ஓர் எதிரியைக் குறித்து அவன் பகை உரைக்கிறான். ஒரு நிமிட நேரம் அந்த எதிரியின் மீது தொடுக்கும் தாக்குதலுக்கெல்லாம் அட்வான்டேஜ் உண்டு, அதாவது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். 2014 விதியில் பத்து அடிக்குள் இருக்கும் எதிரியிடம்தான் இதைச் சொல்ல முடியும். கண்ணுக்குக் கண் பார்த்துச் சொல்லும் தூரம் அது. அந்த நேரத்தில் வெறும் பகடையை மட்டும் உருட்டிவிட்டுப் போகாமல், அவன் என்ன சொல்கிறான் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மேசையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

2024 விதியில் தூரம் முப்பது அடியாகியிருக்கிறது. அத்துடன், குறித்த எதிரி வீழ்ந்துவிட்டால் அந்தப் பகையை அருகில் உள்ள வேறோர் எதிரிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு இது வசதிதான். தீய பாலடினை ஆடுபவருக்கு இதில் ஒரு பெரிய கதையே இருக்கிறது: ஒருவன் மீது கொண்ட வெறுப்பு, அவன் செத்த மறு நொடியே பக்கத்தில் நிற்பவன் மீது பாய்கிறது என்றால், முதலில் அது நீதிக்கான வேட்கையாகத்தான் இருந்ததா என்று அவனுடைய தோழர்கள் கேட்க வேண்டும்.

ஓத்பிரேக்கரும் தீய பாலடினும் ஒன்றுதானே?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை. 2014ஆம் ஆண்டு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் வரும் ஓத்பிரேக்கர், இருண்ட பேராசைக்காகவோ தீய சக்திக்குப் பணிபுரியவோ தன் உறுதிமொழியைக் கைவிட்டவன். அவன் தீய அலைன்மென்ட் உடையவனாகவும் குறைந்தது மூன்றாம் லெவலில் இருப்பவனாகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தீய பாலடினோ சொன்ன சொல்லைக் காப்பவன். காக்கும் விதம்தான் தீயது. சொல்லைக் காப்பவனைக் கண்டுதான் நான் அதிகம் அஞ்சுவேன். பேராசை கொண்டவனுக்கு விலை பேசிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறுதிமொழி தவறிய எல்லாருமே ஓத்பிரேக்கர் ஆகிவிடுவதில்லை. மனம் வருந்துபவன் தன் நெறியைச் சேர்ந்த குருவிடமோ மற்றொரு பாலடினிடமோ சென்று, இரவு முழுவதும் விழித்து வேண்டியோ உண்ணா நோன்பிருந்தோ மன்னிப்புப் பெற்று மீண்டும் தொடங்கலாம் என்று பிளேயர்ஸ் ஹேண்ட்புக் சொல்கிறது. வேண்டுமென்றே தவறி, வருந்தவும் மறுப்பவனுக்குத்தான் வகுப்பு மாற்றம். டிஎம்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் உறுதிமொழி முறியும்படி ஒரு பொறியை அமைத்து, ஆட்டக்காரர் விழுந்தவுடன் வலிமைகளைப் பறிப்பது கதை சொல்வதாகாது, தண்டனை கொடுப்பதாகும்.

பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தில் ஆன்டிபாலடின் தனி வகுப்பாகவே இருக்கிறதே, அது இன்னும் தெளிவாக இல்லையா?
– ஒரு வாசகர், டொராண்டோ

தெளிவு என்று பார்த்தால் உண்மைதான். 2010இல் வந்த அட்வான்ஸ்டு பிளேயர்ஸ் கைடில் ஆன்டிபாலடின் கேயாட்டிக் ஈவிலாக, அதாவது ஒழுங்கை மதியாத தீயவனாக இருந்தே தீர வேண்டும். பிறர் நலம் கருதி ஒரு நற்செயலை மனமுவந்து செய்துவிட்டால் அவனுடைய திறன்கள் போய்விடும். தன் தீய நோக்கத்துக்குப் பயன்படும் என்றால் மட்டும் நல்லது போல் தோன்றும் செயலைச் செய்யலாம். இரண்டாம் பதிப்பில் சாம்பியன் என்ற வகுப்பின் கீழ் 2020இல் டைரன்ட், டெசிக்ரேட்டர், ஆன்டிபாலடின் என மூன்று தீய வகைகள் வந்தன. 2023 முதல் வந்த திருத்திய நூல்களில் அலைன்மென்டே நீக்கப்பட்டுவிட்டது.

எனக்கு அந்த முதல் ஆன்டிபாலடின் நிறைவு தரவில்லை. பழைய பாலடினின் விதியை அப்படியே தலைகீழாகப் புரட்டி வைத்ததுதான் அது. நல்லவன் செய்யாததையெல்லாம் செய், செய்வதையெல்லாம் செய்யாதே என்றால் அவனுக்கென்று சொந்தமாக ஒரு நம்பிக்கை இல்லாமல் போகிறது. அதைவிட, சனதர்ஸ் கைடு டு எவ்ரிதிங் என்ற 2017ஆம் ஆண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூலில் வரும் ஓத் ஆஃப் கான்க்வெஸ்ட் என்னும் வெற்றி உறுதிமொழி நூறு மடங்கு மேல். எதிரியை வென்றால் மட்டும் போதாது, மீண்டும் எழலாம் என்ற அவனது நம்பிக்கையையும் அணைத்துவிடு. வென்ற பின் இரும்புக் கரத்தால் ஆள். வலிமையே முதன்மை என்று அதன் கட்டளைகள் சொல்கின்றன. இவர்களில் சிலர் ஒன்பது நரகங்களின் சக்திகளோடும் கைகோத்து, ஹெல் நைட் என்று பெயர் பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கொள்கை இருக்கிறது. அதனால்தான் அவர்களோடு வாதிடவும் முடிகிறது.

பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டில் வஞ்சினப் பாலடினாக ஆடியபோது நான் எதிர்பாராத இடத்தில் உறுதிமொழி முறிந்துவிட்டது. அதில் வரும் மின்தாரா அத்தனை கொடுமை செய்தும் பாலடினாகவே இருக்கிறாளே, எனக்கு மட்டும் ஏன்?
– ஒரு வாசகி, திருச்சி

லாரியன் ஸ்டுடியோஸ் 2023இல் வெளியிட்ட அந்த விளையாட்டில் கணினி உங்கள் செயலை மட்டுமே பார்க்கும். உங்கள் பாலடின் என்ன நினைத்துச் செய்தான் என்பதை அதனிடம் சொல்ல வழியே இல்லை. முறிந்ததும் ஓத்பிரேக்கர் நைட் உங்கள் முகாமுக்கு வந்து பேசுவதும், பொற்காசு கொடுத்து உறுதிமொழியை மீட்டுக்கொள்ள முடிவதும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் ஏற்பாடுகள்.

மின்தாரா தீய வஞ்சினப் பாலடினுக்கு நல்ல எடுத்துக்காட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மென்சோபெரன்சான் நகரின் பெய்ன்ரே குடும்பத்தைச் சேர்ந்த, நிலத்தடியில் வாழும் டிரோ இனப் பெண் அவள். தெய்வமாக வணங்கப்படும் அப்சல்யூட்டின் பெயரால் எமரால்டு குரோவ் என்னும் புகலிடத்தைத் தாக்கக் கிளம்புகிறாள். பின்னர், தன் மனமே தன் வசத்தில் இல்லாமல் பிறர் பிடியில் இருந்தது என்று தெரிந்தபோது, தன்னை அப்படி ஆட்டிவைத்தவர்கள் மீது அவளது வஞ்சினம் திரும்புகிறது. அவள் அதன் பிறகு இளகிவிடுவதில்லை. இரக்கமின்மை அப்படியே இருக்கிறது, குறி மட்டும் மாறுகிறது. எழுதியவர்கள் அவளை நல்லவளாக்கித் திருத்திவிட முயலாததுதான் அந்தப் பாத்திரத்தின் வலிமை.

நாங்கள் தமிழிலேயே ஆடுகிறோம். என் தீய பாலடினுக்கு உறுதிமொழியை நானே எழுத விரும்புகிறேன். எப்படி எழுத வேண்டும்?
– ஒரு வாசகர், மதுரை

இதற்கு ஆங்கில விதிநூலைவிட நல்ல வழிகாட்டி உங்கள் ஊரை ஆண்ட மன்னனிடமே இருக்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் உரைத்த வஞ்சினம் புறநானூற்றின் 72ஆம் பாட்டு. இளையவன் என்று தன்னை இகழ்ந்த வேந்தர்களை வெல்வேன் என்பதோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று கண்ணீரோடு தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க இயலாத வறுமை என்னைச் சேரட்டும் என்று தனக்குத் தானே தண்டனையும் விதித்துக்கொள்கிறான்.

அந்த அமைப்பைப் பின்பற்றுங்கள். பகைவன் யார் என்பதை முதலில் சொல்லுங்கள்; “தீயவர்கள் அனைவரும்” என்பது போன்ற பொதுச் சொல் வேண்டாம், ஒருவனையோ ஒரு குடியையோ ஒரு கூட்டத்தையோ குறிப்பிடுங்கள். அவன் செய்தது என்ன என்பது அடுத்து. பிறகு, நிறைவேற்றாவிட்டால் உங்கள் பாத்திரம் எதை இழக்கச் சம்மதிக்கிறது என்பதை எழுதுங்கள். அது அவன் உண்மையிலேயே விரும்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியாக, பகைவனை ஒழிப்பதற்காகக் கூட அவன் செய்ய மாட்டாத ஒரு செயலைச் சேருங்கள். குழந்தைகளைத் தொட மாட்டேன் என்பதாக இருக்கலாம். உண்ட வீட்டுக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்பதாக இருக்கலாம். கொடுத்த வாக்கை எதிரியிடம் கூட மீற மாட்டேன் என்பதாக இருக்கலாம். இந்த ஒரு வரி இல்லையென்றால் அவன் வாள் ஏந்திய கொலைகாரன், அவ்வளவுதான். டிஎம்மிடம் இந்த உறுதிமொழியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிறகு முறிந்ததா இல்லையா என்ற கேள்வி வரும்போது இருவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம்.

நான் ஆடுவது நல்ல கிளெரிக், அதாவது தெய்வத் தொண்டர். எங்கள் குழுவின் தீய பாலடின் சரணடைந்தவனைக் கொன்றுவிட்டான். “என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்” என்கிறார் ஆடுபவர். எனக்கு ஆட்டமே கசந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

பாத்திரங்கள் பேசிக்கொள்வதற்கு முன் மனிதர்கள் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர் அவர்தான். எனவே அது என்ன செய்தாலும் அதற்கு அவர்தான் பொறுப்பு. அடுத்த ஆட்டத்துக்கு முன் டிஎம்மையும் வைத்துக்கொண்டு, மேசையில் எவையெல்லாம் நடக்கலாம், எவை திரைக்குப் பின்னால் நடந்து முடிய வேண்டும், எவை நடக்கவே கூடாது என்று பேசுங்கள். செஷன் ஜீரோ என்று தொடக்கத்திலேயே நடத்தும் பேச்சுதான் இது. நடுவில் நடத்தினாலும் குற்றமில்லை. உங்களுக்குக் கசந்துவிட்டது என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள்.

அது முடிந்த பிறகு கதைக்குள் வாருங்கள். சரணடைந்தவன் அவனுடைய சபதப் பகைவர்களில் ஒருவனா என்று உங்கள் கிளெரிக் அவனைக் கேட்கட்டும். ஆம் என்றால் அவன் தன் உறுதிமொழிப்படி நடந்திருக்கிறான், நீங்கள் அவனோடு சேர்ந்து பயணம் செய்வதா வேண்டாமா என்பதுதான் இனிக் கேள்வி. இல்லை என்றால், சாதாரண எதிரிக்கு இரக்கம் காட்ட அவனுடைய கட்டளையே இடம் தந்திருக்கும்போது எதற்காகக் கொன்றான் என்பதற்கு அவன் விடை சொல்ல வேண்டும். அதை உங்களிடம் சொல்லாவிட்டாலும் டிஎம்மிடம் சொல்லியாக வேண்டும். இறந்தவனுக்குக் குடும்பம் இருந்தால் அடுத்த ஊரில் அவர்களைச் சந்திக்கும்படி கதையை அமைக்கச் சொல்லி டிஎம்மைக் கேளுங்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று யார் முதலில் பேசுவது என்பதை நீங்களும் அவரும் ஆட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்ளலாம்.